ஸ்டெஃபான் மார்பரியின் சீன ஆட்டக்காலம்

ஸ்டெஃபான் மார்பரி (பிறப்பு: 1977 பிப்ரவரி 20) அமெரிக்கக் கூடைப்பந்து வீரர், பயிற்சியாளர். என்பிஏ லீகில் 13 சீசன்கள் ஆடியவர். 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். அங்கே ஒரு கோப்பையும் அவர் கைக்கு எட்டவில்லை. 2010இல் சீனாவுக்குப் போன அவர், பெய்ஜிங் டக்ஸ் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று முறை சீன லீகான சிபிஏவின் பட்டத்தை வென்று கொடுத்தார். வெளிநாட்டு லீகுகளுக்குச் செல்லும் அமெரிக்க வீரர்கள் பலருக்கு அது ஓய்வுக்கு முன் நாலு காசு பார்க்கும் வழி, அவ்வளவுதான். மார்பரியின் பெயர் நிலைத்ததோ அங்கேதான்.

பின்னணி

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கடலை ஒட்டிய கோனி ஐலண்டின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாமவர். அண்ணன்மார் மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஒருவருக்கும் என்பிஏ கதவு திறக்கவில்லை. குடும்பத்தின் கனவு முழுவதும் இவர் தலையில் இறங்கியது. ஆபிரகாம் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு மாணவராக இருந்தபோதே எழுத்தாளர் டார்சி ஃப்ரேயின் கவனத்துக்கு வந்து, 1994இல் வெளியான 'தி லாஸ்ட் ஷாட்' நூலில் இடம்பிடித்தார்.

ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஒரே ஆண்டு. 1996 டிராஃப்டில் நான்காவதாக மில்வாக்கி அணி அவரைத் தேர்ந்தெடுத்து, உடனே ரே ஆலனை வாங்கிக்கொண்டு மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே கெவின் கார்னெட்டுடன் சேர்ந்து பல்லாண்டு ஆடியிருக்கலாம். 1999இல் அவரே விலகிப் போனார். பிறகு நியூ ஜெர்சி, ஃபீனிக்ஸ், 2004 முதல் சொந்த ஊரான நியூயார்க்கின் நிக்ஸ் அணி. 846 ஆட்டங்களில் சராசரி 19.3 புள்ளிகள், 7.6 அசிஸ்ட் என்பது ஒரு பாயின்ட் கார்டுக்குப் பெருமை தரும் கணக்கு. ஆனால் 2009இல் பாஸ்டனுக்குப் போகும்வரை அவர் ஆடிய எந்த அணியும் பிளே ஆஃபில் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

நிக்ஸ் காலம் கசப்பில் முடிந்தது. பயிற்சியாளர்களோடு அடுத்தடுத்து மோதல். 2007 டிசம்பரில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மகன் ஆடிக்கொண்டிருக்க, அரங்கில் இருந்த தந்தை உடல்நலம் குன்றி இறந்தார்; ஆட்டம் முடிந்த பிறகே மகனுக்குச் செய்தி தெரிந்தது. 2006இல் ஏழைப் பிள்ளைகளுக்கும் கட்டுப்படியாகும்படி 15 டாலருக்கும் சற்றுக் குறைவான விலையில் அவர் கொண்டுவந்த 'ஸ்டார்பரி' காலணி, அதை விற்ற கடைத்தொடர் 2008இல் திவாலானதும் முடங்கியது. 2009 கோடையில் இணையத்தில் நாள் முழுக்க நேரலையில் தோன்றி, அழுதார், வாஸ்லைனை எடுத்து விழுங்கினார். ஊர் சிரித்தது. அந்த நாட்களில் சாகவே நினைத்ததாகப் பிற்பாடு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார்.

சீனாவில்

2010 ஜனவரியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் ஷாங்காயும் அல்ல, பெய்ஜிங்கும் அல்ல. நிலக்கரி மாகாணமான ஷான்சியின் தலைநகர் தையுவான். அங்கிருந்த ஷான்சி அணியின் உரிமையாளர் எஃகு வணிகர். ஸ்டார்பரி காலணியைச் சீனச் சந்தையில் மீண்டும் ஓடவைக்கலாம் என்ற எண்ணமும் மார்பரிக்கு இருந்தது. அந்தச் சீசனிலேயே சிபிஏ ஆல்ஸ்டார் ஆட்டத்தில் சிறந்த வீரர் விருது பெற்றார். ஆனாலும் அடுத்த சீசனுக்கு ஷான்சி அவரை வைத்துக்கொள்ளவில்லை. ஃபோஷான் அணியில் ஓராண்டைக் கழித்துவிட்டு, 2011இல் பெய்ஜிங் டக்ஸில் சேர்ந்தார்.

சிபிஏவில் வெளிநாட்டவரின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்ததன் அளவு புரியும். அப்போதைய விதிப்படி பொதுவாக அணிக்கு வெளிநாட்டவர் இருவர். ஆட்டம் முழுக்க இருவரையும் சேர்த்துக் களத்தில் வைத்திருக்கவும் முடியாது. புள்ளிகளைக் குவிக்கும் வேலை அவர்களுடையது. அணி தோற்கத் தொடங்கினால் முதலில் மாற்றப்படுவதும் அவர்களே. சீசன் நடுவில் மூட்டை கட்டியவர்கள் ஏராளம். இந்த ஏற்பாட்டில் சீன வீரர்களின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வந்தவருக்கு இல்லை.

மார்பரி அந்தத் தேவையை உண்டாக்கிக்கொண்டார். பயிற்சியாளர் மின் லூலேயின் அணியில் உயரமான ராண்டால்ஃப் மாரிஸ் உள்ளே நிற்க, பந்து மார்பரியிடமிருந்து சுற்றியிருந்த சீன எறிவாளர்களுக்குப் போனது. அந்தச் சீசனின் முதல் 13 ஆட்டங்களையும் பெய்ஜிங் வென்றது. இறுதியில் எதிரே நின்றது குவாங்டாங். முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்களை வென்ற அணி. 2012 மார்ச் 30 அன்று, ஒலிம்பிக்குக்காகக் கட்டிய வூகேசோங் அரங்கில் ஐந்தாவது ஆட்டம். மார்பரி மட்டும் 41 புள்ளிகள் எடுக்க, பெய்ஜிங் 124–121 என வென்று, தொடரை 4–1 எனக் கைப்பற்றியது. தலைநகரின் முதல் சிபிஏ பட்டம் அது. மார்பரி தேம்பி அழுதார். அதே ஆண்டு அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை எழுந்தது. உயிரோடிருக்கும், அதுவும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வெளிநாட்டு வீரருக்குச் சிலை!

2014 இறுதியில் சின்ஜியாங்கையும், 2015இல் லியாவ்னிங்கையும் பெய்ஜிங் 4–2 என வீழ்த்தியது. 2015 இறுதித்தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்றபோது மார்பரிக்கு வயது 38. நகர ரயிலில் சாதாரணப் பயணிகளோடு ஏறிப் போவார். சக வீரர்களுக்கு ஓயாமல் புத்தி சொல்வதால் ரசிகர்கள் அவரை 'அரசியல் ஆணையர் மா' என்று கேலியும் அன்புமாக அழைத்தார்கள். 2014இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் இசைநாடகத்தில் அவராகவே நடித்தார். அதே ஆண்டு பெய்ஜிங்கின் கௌரவக் குடிமகன் பட்டம் கிடைத்தது. பின்னர் சீனாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையும்.

மதிப்பீடு

சிபிஏவின் தரம் என்பிஏவைவிட வெகுவாகக் குறைவு. மூன்று சீனப் பட்டங்களைக் காட்டி மார்பரியின் அமெரிக்கத் தோல்விகளை அழிக்க முடியாது. ஆனால் பெயர் பெற்றவர் வந்தாலே அங்கே வெல்லலாம் என்பதும் பொய். சீன நட்சத்திரம் யாவ் மிங்கின் என்பிஏ சகாவாகச் சீனாவெங்கும் கொண்டாடப்பட்ட டிரேசி மெக்ரேடி 2012–13இல் சிங்டாவ் அணிக்கு ஆடினார். அணி கடைசி இடத்தில் முடிந்தது, அவரும் ஒரே சீசனோடு கிளம்பினார். மார்பரியை வேறுபடுத்தியது திறமை அல்ல, தங்கியது. நியூயார்க்கில் பந்தை விடமாட்டார் என்று பெயரெடுத்தவர், பெய்ஜிங்கில் விட்டுக்கொடுத்து ஆடினார். முன்பே அப்படி ஆடியிருந்தால் சீனாவுக்குப் போகவே தேவையிருந்திருக்காது என்று சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

2017இல் டக்ஸ் அணியிலிருந்து விலகி, அதே நகரின் மற்றோர் அணியான பெய்ஜிங் ஃபிளை டிராகன்ஸில் சேர்ந்தார். 2018 பிப்ரவரி 11 அன்று கடைசி ஆட்டம். 20 புள்ளிகள், வெற்றி. பின்னர் ராயல் ஃபைட்டர்ஸ் என்று பெயர் மாறிய அந்த அணிக்கே 2019இல் தலைமைப் பயிற்சியாளரானார்.