பச்சோந்திக்குக் கொஞ்சம் வெயில்

பச்சோந்தி என்ற சொல்லைக் கேட்டதும் கட்சி மாறிய அரசியல்வாதி ஒருவரின் முகமே பலருக்கும் நினைவில் எழும். மேடைத்தமிழ் அந்தச் சாதுவான பிராணிக்கு இழைத்த அநீதிகளுள் அது ஒன்று. நமக்கு நினைவில் எழுவது ஒரு காலணிப் பெட்டி.

1980களின் இறுதி. ஆதம்பாக்கம் அன்று ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. சென்னை மாநகராட்சியோடு இணைந்தது 2011இல்தான். ஏரிப் பக்கம் போனால் முட்புதர்கள் தாராளம். கோடை விடுமுறையில் தெருப்பையன் ஒருவன் அங்கிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்து வந்தான். இடுப்பில் நூல் கட்டி, காலணிப் பெட்டியில் இட்டு, சோற்றுப் பருக்கையும் சோடா மூடியில் தண்ணீரும் வைத்தோம். அது எதையும் தொடவில்லை. காற்றைக் குடித்தே உயிர் வாழுமாம் என்று ஒரு பெரியவர் சொன்னார், நம்பினோம். மூன்றாம் நாள், "பாவம், கொஞ்சம் வெயில் காயட்டும்" என்று பெட்டியை மொட்டைமாடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது அது வெளிறிப்போய், வாயைத் திறந்தபடி கிடந்தது. பசிக்கிறது போலும் என்று எண்ணி இன்னொரு பருக்கையை வாயருகே நீட்டினோம். மாலைக்குள் இறந்துவிட்டது.

அன்று நாம் செய்த பிழைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. காற்றைக் குடிக்கும் கதை ஆதம்பாக்கத்துப் பெரியவருடைய கற்பனையன்று. கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் இப்பிராணியின் கண், விலா, கால் ஆகியவற்றை உற்றுநோக்கி விரிவாக எழுதியிருந்தார். அவருக்குப் பின்வந்த ரோமானியர் பிளினியோ, உண்ணாமலும் பருகாமலும் காற்றாலேயே வாழும் ஒரே விலங்கு இது என்று எழுதிவைத்தார். ஐரோப்பா பிளினியின் பக்கமே சாய்ந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்கூட இந்த நம்பிக்கையை வைத்துச் சிலேடை பேசுகிறான். பாரிசில் குளோத் பெரோ என்ற மருத்துவர் ஒரு பச்சோந்தியை அறுத்து ஆராய்ந்து 1669இல் எழுதிய விவரணைக்குப் பிறகே அக்கதை ஆட்டம் கண்டது. நீண்டு பாய்ந்து பூச்சியைக் கவரும் நாவை உடைய ஒன்றுக்குக் காற்று எதற்கு?

அதே பாரிசில் நாவலாசிரியை மதலேன் த ஸ்குதேரிக்கு 1672இல் அலெக்சாந்திரியாவிலிருந்து இரண்டு பச்சோந்திகள் வந்து சேர்ந்தன. அவற்றை வீட்டில் வளர்த்த அனுபவத்தை அவர் எழுதி, 1688இல் வெளியிட்டார். செல்லப்பிராணியாகப் பச்சோந்தியைப் பற்றி எழுதப்பட்ட பழைய இலக்கியப் பதிவுகளுள் இது முக்கியமானது. எகிப்தின் வெயிலில் பிறந்தவை பாரிசின் குளிரில் வாழ நேர்ந்ததை நினைத்தால் நம் காலணிப் பெட்டி தனியன்று என்று தோன்றுகிறது.

நம் மரபில் இதனைக் கூண்டிலிட்டுக் கொஞ்சியதாகச் சான்று ஏதும் நம் கண்ணில் படவில்லை. குறுந்தொகையின் 140ஆம் பாடலில் ரம்பம் போன்ற முதுகுடைய ஓதி வருகிறது. பாலைவழிப் போவோர் அதனைச் சகுனமாகக் கொள்கின்றனர். அது பச்சோந்தியா, ஓணானா என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. முதுகில் ரம்பப்பல் இரண்டுக்கும் உண்டு; விடை சொல்லாமல் நழுவிவிடுவோம். சங்கப் புலவரிடம் அது தன் சுரத்தில் தானாக இருந்தது என்பதே நமக்குப் போதும். பிற்காலத்தில் ராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததென்றும் ஓணான் சிறுநீர் கொடுத்ததென்றும் ஒரு கதை கிளம்பி, தெருப்பையன்களின் கல்லுக்கு நியாயம் கற்பித்தது. அந்தப் பழி பச்சோந்திக்கும் சேர்ந்தே விழுந்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பச்சோந்தி இனம் ஒன்றே. 1768இல் லாரென்ட்டி அதற்கு இலங்கையின் பெயரையே சூட்டினார். மரத்தில் வாழ்ந்தாலும் பெண் முட்டையிட மண்ணுக்கு இறங்கி வந்து குழி தோண்டும். ஊர் முழுதும் சிமெண்டு பூசிய பிறகு அது எங்கே தோண்டும் என்பதை எவரும் கேட்பதில்லை.

சரி, அந்தப் பெட்டியில் நடந்தது என்ன? பச்சோந்தி தேங்கிய நீரைப் பெரும்பாலும் நீரென்று கண்டுகொள்வதில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே சோடா மூடி வீண். அதற்கு வெயில் வேண்டும் என்பது மெய்யே. புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் டி வைட்டமின் உண்டாகி எலும்பு உறுதிப்படும். கேரி பெர்குசன் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் இந்த வைட்டமின் குறைந்த பச்சோந்திகள் தாமாகவே கூடுதல் நேரம் வெயிலை நாடின, நிறைந்தவை விலகின. எவ்வளவு வெயில் என்பதை அது அறியும், விலகிச் செல்ல நிழல் இருந்தால். குளிரில் கறுத்து வெப்பத்தை வாங்கும். வெப்பம் மிகுந்தால் வெளிறி வாயைத் திறக்கும். நாம் பசி என்று படித்தது அதன் கடைசி முறையீடு.

வெளியே விடுவதில் வேறொரு விபரீதமும் உண்டு. 1972இல் ஹவாய்த் தீவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரருக்குக் கென்யாவிலிருந்து வந்த மூன்று கொம்புப் பச்சோந்திகள் பயணத்தால் மெலிந்திருந்தன. தேறட்டும் என்று இரக்கப்பட்டுத் தம் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை தேறின, பெருகின, தீவுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று வருகின்றன. அதே 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் காப்புப் பட்டியலில் நம் பச்சோந்தியும் உண்டு. பிடிப்பதும் வளர்ப்பதும் இன்று குற்றம். அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

அப்படிப் பதிவு செய்த ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்று ஆதம்பாக்கத்து அடுக்ககம் ஒன்றில் இருக்கிறது. வளர்ப்பவர் நம் பழைய மாணவர். "ஐயா, மாடியில் வெயிலுக்கு விடலாமா?" என்று சென்ற மாசியில் கேட்டார். கண்ணாடித் தொட்டி வேண்டாம், அது அடுப்பாகிவிடும். நாற்புறமும் வலையடித்த கூண்டு வேண்டும். காலை வெயில் அரைமணி போதும். கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும். உள்ளே ஒரு செம்பருத்தித் தொட்டி வைத்து இலைகளில் நீர் தெளியுங்கள். வெளிறினால் உடனே உள்ளே கொண்டுபோங்கள். மரத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பிடப் போகாதீர்கள் என்றும் சொன்னோம். அவருக்கு அது ஏனென்று விளங்கியிருக்காது.

மறுநாள் ஒரு படம் அனுப்பினார். செம்பருத்தி இலைமேல் ஒரு பக்கமாக உடலைச் சாய்த்து அது வெயில் வாங்கிக்கொண்டிருந்தது. கூண்டின் மேல் இரண்டு காகங்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் செய்தித்தாளோடு மாணவரின் தந்தையார் காவலிருந்தார்.