சிறுகோளின் நிழலும் கூட்டுழைப்பும்: வளவு அவதான நிலையங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அறிவியலின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1801 ஜனவரி 1ஆந் திகதி சிசிலியின் பலேர்மோ நகரிற் பியாற்சி என்பார் சீரிசைக் கண்டமையும் அவ்வாறே கூறப்படுகின்றது. ஆயின், சிறுகோள்களின் பருமனையும் வடிவையும் மனிதர் அறிந்துகொண்ட வரலாறு தனியொரு பெயரில் அடங்குவதன்று. விண்மீன் மறைப்பு அவதானத்தை அதன் சமூக அடிப்படையோடு இணைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

சாதாரண தொலைகாட்டியிற் சிறுகோள் வெறும் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். அது தொலைவிலுள்ள விண்மீனொன்றை மறைக்கும்போது, ஏறத்தாழ அதன் பருமனையொத்த அகலமுள்ள நிழலொன்று புவிமீது விரைந்து செல்லும். நிழற்பாதையில் நிற்பவருக்கு விண்மீன் சில செக்கன்கள் மறைந்து மீண்டும் ஒளிரும். நிழல் செக்கனுக்கு 10 கி.மீ. செல்லுமாயின், 5 செக்கன் மறைவு 50 கி.மீ. நீளமான நாணொன்றைத் தரும். ஒரு நாணினால் வடிவம் பெறப்படாது. பாதைக்குக் குறுக்கே பரந்து நிற்கும் பலரின் நாண்கள் ஒன்றுசேரும்போதே உருவரை புலனாகும். மறைப்பைக் காணாதவரின் பதிவுங்கூட அவ்வுருவின் எல்லையை வரையறுக்கும். எனவே, கூட்டுழைப்பு இவ்வாய்வின் இயல்பிலேயே பொதிந்துள்ளது எனலாம்.

1958இல் ஜூனோ விண்மீனொன்றை மறைத்தமை சுவீடனில் அவதானிக்கப்பட்டது. 1961இற் பல்லாசின் மறைப்பு இந்தியாவின் நைனித்தால் அரச அவதான நிலையத்திற் பதிவாயிற்று. இவை அருகிய முயற்சிகளே. 1975 ஜனவரியில் ஈரோசின் மறைப்பை ஐக்கிய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிற் பல ஆர்வலர் தம் சிறு தொலைகாட்டிகளாற் கண்டனர். 1983 மே 29இற் பல்லாஸ் மற்றொரு விண்மீனை மறைத்தபோது, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிக்கோவிலுமாக ஏறத்தாழ 130 இடங்களில் நேரங்கள் குறிக்கப்பட்டன. ஏறத்தாழ 510 கி.மீ. சராசரி விட்டமுடைய அச்சிறுகோளின் உருவரை அவ்வாறே துலங்கிற்று.

இம்மாற்றத்தை ஆர்வத்தின் பெருக்கமாக மட்டும் விளக்குதல் கருத்துமுதல்வாதமாகும். பெருந்தொகை உற்பத்தி தொலைகாட்டியையும் சிற்றலை வானொலியையும் ஒலிப்பதிவு நாடாவையும் மலிவாக்கியிருந்தது. வானொலியின் நேரச் சைகையையும், விண்மீன் மறைந்ததும் அவதானி எழுப்பிய குரலையும் ஒரே நாடாவிற் பதிய முடிந்தது. பின்னர் வீடியோக் கருவியும் செய்மதி நேரமும் அவ்விடத்தைப் பெற்றன. கையா விண்கலத்தின் பட்டியல்கள் 2016 முதல் வெளிவரவே, நிழற்பாதையை முன்கூட்டிக் கணிப்பதும் பெரிதும் துல்லியமாயிற்று.

எனினும், இங்கு ஒரு முரண்பாடும் உண்டு. நிழல் நாடுகளையும் வர்க்கங்களையும் பாராது செல்கிறது. அதனை அளப்போரோ பெரும்பாலும் வட அமெரிக்கா, ஐரோப்பா, யப்பான், அவுஸ்திரேலியா ஆகிய இடங்களைச் சார்ந்தோராவர். வளவு என்பது ஒரு சொத்து. இரவு விழித்திருத்தல் ஓய்வுநேரத்தை வேண்டுவது. இவ்விரண்டும் இல்லாத உழைப்பாளியின் கூரைமீது செல்லும் நிழல் அளக்கப்படாமலே கழிகின்றது. அங்கு பெறத்தக்க நாணும் உருவரையில் இடைவெளியாகவே எஞ்சுகின்றது. ஊதியமின்றி உழைத்த ஆர்வலரின் பங்களிப்பை இது குறைப்பதன்று. அவர்தம் உழைப்பு, அறிவு கூட்டாகவே ஆக்கப்படுகிறது என்பதை நிறுவியுள்ளது. அக்கூட்டில் யாவரும் பங்குகொள்ளத்தக்க சமூக நிலைமைகளை உருவாக்குதலே எஞ்சியுள்ள பணியாகும். அப்பணி வானியலாளருக்கு மட்டும் உரியதன்று.