விருந்தாளி உட்கார ஒரு படகு: மரக்காணம் கரையிலிருந்து சில குறிப்புகள்

பாய்மரப் படகு வாங்க என்னிடம் ஒருத்தர் யோசனை கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை. எங்க ஊர் திண்டிவனம். புளியங்காடு என்று பேருக்குப் பொருள் சொல்வாங்க. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வயலும் ஏரியும்தான். ஆனாலும் வெளிநாட்டில் இருக்கிற தம்பி முறை உறவுக்காரன் ஒருத்தன் போனில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, லீவு நாள்ல ஏழெட்டு பேரை ஏத்திக்கிட்டுப் போற மாதிரி ஒரு பாய்மரப் படகு வாங்கலாம்னு இருக்கேன். உள்ள கட்டில், அடுப்பு எல்லாம் வேணாம். வர்றவங்க தாராளமா உட்காரணும், காக்பிட் பெருசா இருக்கணும். நீங்கதான் பழைய துறைமுகம், பழைய படகுன்னு எழுதறீங்களே, எதைப் பார்த்து வாங்கறது?"

காக்பிட் என்பது படகின் பின்பாதியில் இருக்கும் திறந்த பள்ளம். சுக்கான் பிடிக்கிறவரும் மற்றவர்களும் அதில்தான் உட்காருவாங்க. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆனால் அவன் கேட்டதும் வேறொரு கேள்வி மனசில் வந்தது. நம்ம கரையில் விருந்தாளியை எந்தப் படகில், எங்கே உட்கார வைத்தார்கள்? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

நடந்து வந்த விருந்தாளி

விழுப்புரம் மாவட்டத்தின் கடல்வாசல் மரக்காணம். அதுதான் சங்க காலத்து எயிற்பட்டினம் என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற வணிக வழிகாட்டி நூல் இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. அதில் வரும் சோபட்மாவும் மரக்காணம்தான் என்று பலர் கொள்கிறார்கள்.

எயிற்பட்டினம் இருந்த ஓய்மாநாட்டை ஆண்டவன் நல்லியக்கோடன். அவனுடைய ஊர் கிடங்கில், இன்றைக்குத் திண்டிவனத்தோடு ஒட்டிப்போன கிடங்கல். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது. எயிற்பட்டினத்துக்குப் போனால் நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும் சுட்ட குழல் மீனும் கிடைக்கும் என்கிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் ஒட்டகம் படுத்துக் கிடப்பது போல் கிடக்கும் என்றும் அதில் வருகிறது.

ஒன்றைக் கவனிங்க. பட்டினம் என்று பேர். கடல் பக்கத்திலேயே இருக்கு. ஆனால் பாணனுக்குச் சொன்ன வழி நடைவழி. துறைமுக ஊரிலிருந்து கிடங்கில் வரைக்கும் தரை வழியாகவே அனுப்புகிறார்கள். கடல் வழி விருந்தாளிக்கான வழியாக அங்கே வரவே இல்லை. ஏன் என்று நான் யோசித்ததற்கு அந்தக் கரைக்குப் போனால் பதில் தெரியும். சோழமண்டலக் கரையில் இயற்கையான ஆழத் துறைமுகம் கிடையாது. மணல் மெதுவாகச் சரிகிறது, அலை கரைக்கு வெகு முன்னாலேயே மடிந்து உடைகிறது. அந்த அலையைத் தாண்டாமல் கடலுக்குள் போகவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது.

இடமே இல்லாத படகு

அந்த அலைக்கு நம்மவர்கள் கண்ட முதல் பதில் கட்டுமரம். சில மரங்களைச் சீவி, சேர்த்துக் கயிற்றால் கட்டியது. உள்ளே என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் பள்ளமே இல்லை. பாயும் கட்டலாம். ஆனால் விருந்தாளியை உட்கார வைக்க முடியாது. ஏறுகிறவன் முட்டி போட்டுத் துடுப்புப் போடணும், முழுக்க நனையணும். பழைய சென்னையில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோன கட்டுமரக்காரர்கள், தண்ணீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் அதை வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். கட்டுமரத்தில் நனையாத இடம் அது ஒன்றுதான்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. இன்றைக்கு உலகம் முழுக்க, பத்துப் பேர் வசதியாக உட்கார நல்ல பாய்மரப் படகு எது என்று கேட்டால் பலரும் சொல்வது 'கேட்டமரான்'. இரண்டு உடல்கள், நடுவே அகலமான மேடை. பேரெல்லாம் நம்ம கட்டுமரம்தான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி இந்தக் கரைப் படகைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு அது ஆங்கிலத்தில் தங்கி, இரட்டை உடல் படகுக்குப் பேராகப் போய் ஒட்டிக்கொண்டது. ஆக, ஒருத்தருக்கும் உட்கார இடமில்லாத படகின் பேர், எல்லாரையும் விட அதிகம் பேர் உட்காரும் படகுக்குப் போய்விட்டது.

நியாயமாக அந்தப் பேர் 'சங்காடம்' என்றுதான் இருந்திருக்கணும். பெரிப்ளூஸ் நூல், மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய கலங்களைப் பற்றிச் சொல்கிறது. இரண்டு தோணிகளை இணைத்து மேலே பலகை பரப்பும் சங்காடத்தோடு இந்தச் சொல்லைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. கேரளத்து ஆறுகளில் ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போன சங்காடம் அந்த அமைப்புதான்.

இடம் மட்டுமே உள்ள படகு

ஐரோப்பியக் கம்பெனிகள் வந்த பிறகு சிக்கல் பெரிதானது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அதிலிருந்து இறங்கும் துரையையும் துரைசாணியையும் பெட்டிகளையும் எப்படிக் கரை சேர்ப்பது? அதற்குக் கிடைத்தது, ஆங்கிலேயர்கள் மசூலா என்றும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் ஷெலிங் என்றும் சொன்ன படகு. தமிழில் சலங்கு.

சலங்கில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு கூடை மாதிரி வளைந்து கொடுக்கும். உள்பக்கம் விலா எலும்பு போன்ற சட்டங்களும் இல்லை, மேல்தளமும் இல்லை. முப்பதடி சொச்சம் நீளமுள்ள படகு முழுக்க வெறும் குழி. பின்பக்கம் தண்டல் நீண்ட துடுப்பால் திசை பிடிப்பார், எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வரை துடுப்புப் போடுவார்கள், விருந்தாளிகள் பின்பாதியில் பலகையில் உட்காருவார்கள். இந்தக் கரையின் 'பெரிய காக்பிட்' படகு இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

விலை என்ன? தையல் வழியாகத் தண்ணீர் கசியும், அலை மேலே கொட்டினால் உள்ளேயே தேங்கும். அதை இறைத்துக்கொண்டே இருக்க ஆள் வேணும். கரை சேர்ந்த பிறகும் விருந்தாளி கால் நனையாமல் இறங்க, படகுக்காரர்கள் தோளில் தூக்கிப் போய் விடுவார்கள். இன்னொன்றும் உண்டு. சலங்கு விருந்தாளிகளோடு போகும்போது கூடவே கட்டுமரங்களும் போகும். யாராவது அலையில் விழுந்தால் தூக்கி எடுப்பது கட்டுமரக்காரர் வேலை. உட்கார இடமில்லாத படகுதான், உட்கார இடமுள்ள படகுக்குக் காவல்!

எனக்கு விஷயம் பிடிபட்டது இங்கேதான். விருந்தாளிக்கு விடுகிற இடம், தண்ணிக்கும் விடுகிற இடம். கட்டுமரத்தில் இரண்டுக்கும் இடமில்லை. சலங்கில் இரண்டுக்கும் உண்டு. நடுவில் ஒரு படகு வேணும் என்றால் அலையே இல்லாத தண்ணீர் வேணும்.

அலை இல்லாத தண்ணீர்

அப்படி ஒரு தண்ணீரை வெட்டியே உண்டாக்கினார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் பக்கம் வெட்டத் தொடங்கியது. பிறகு அரசு கைக்குப் போய், வடக்கேயும் தெற்கேயும் கழிகளை இணைத்துப் படிப்படியாக நீண்டது. ஆந்திராவின் பெத்தகஞ்சத்தில் தொடங்கும் சுமார் 420 கி.மீ. நீளக் கால்வாய் முடியும் இடம் நம்ம மரக்காணம். கடலுக்குப் பக்கத்திலேயே, ஆனால் அலை எட்டாத தண்ணீர். ஆழம் குறைவு என்பதால் தட்டையான அடி போதும். காற்று வந்தால் பாய். வராவிட்டால் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பது, கழியால் தள்ளுவது. உப்பும் விறகும் நெல்லும் போன அந்தப் படகுகளில் ஆளும் போனார்கள். பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' பாட்டில் பாடியது இந்தக் கால்வாயில் போன படகுப் பயணத்தைத்தான்.

ஆனால் இந்த அமைதியான தண்ணீருக்கும் விலை உண்டு. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டு 1877-78இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த காலம். வெட்டியவர்கள் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாட்களுக்கு நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓரணா. ஒரு பவுண்டு என்றால் நம்ம கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டுகிறவன் உடம்புக்கு இது காணாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கூலி பிறகு உயர்ந்தது. ஆனால் பஞ்சம் கொண்டுபோன உயிர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. கால்வாய்க்கு வைத்த பேரோ அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது.

அந்தப் பஞ்சம் தொடங்கிய 1876இல்தான், அமெரிக்காவில் நதானியேல் ஹெர்ரஷாஃப் என்பவர் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் பாய்மரப் படகு நியூயார்க் போட்டியில் மற்றதையெல்லாம் முந்தியது. இன்றைய கேட்டமரானுக்கு அது முன்னோடி. இரண்டுக்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் ஒரே வருஷம் என்று பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விருந்தாளிகள் கால்வாயில் ரொம்ப நாள் தங்கவில்லை. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் வந்துவிட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அடித்த புயல்களில் கால்வாய் தூர்ந்து சிதைந்தது. இன்றைக்கு நம்ம பக்கத்து ஆட்கள் படகில் உட்காரணும் என்றால் புதுச்சேரி சுண்ணாம்பாறுக்கோ முட்டுக்காட்டுக்கோதான் போறாங்க. இரண்டுமே அலை எட்டாத உள்தண்ணீர் என்பதைக் கவனிங்க.

தம்பிக்குச் சொன்னது

கடைசியில் அவனிடம் இப்படிச் சொன்னேன். முதலில் படகைப் பார்க்காதே, தண்ணியைப் பார். ஏரி, கழி என்றால் எவ்வளவு பெரிய காக்பிட் வேணும்னாலும் வாங்கு. அலை உடையும் இடத்தைத் தாண்டணும் என்றால் கணக்குப் போடு. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள பள்ளத்தில் ஒன்றரை கன மீட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது ஒன்றரை டன். இருபது பேர் ஒரே நேரத்தில் ஏறி உட்கார்ந்த மாதிரி, அதுவும் பின்பக்கத்தில். அதனால் காக்பிட்டின் தரை வெளித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கணும், தண்ணீர் தானாகவே வெளியே ஓடப் பெரிய துளைகள் இருக்கணும். கட்டுமரத்தின் இடுக்கு செய்த வேலை அதுதான்.

அப்புறம், உட்கார்ந்தவர் தலைக்கு மேலே பாயின் அடிக்கட்டை இடிக்காமல் திரும்புதா என்று பார். சுக்கான் கைப்பிடி நீளமாக இருந்தால் அது வீசும் இடத்தில் யாரும் உட்கார முடியாது, சக்கரம் என்றால் இடம் மிச்சம். இருக்கையில் எட்டுப் பேரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, அந்த எடையில் பின்பக்கம் எவ்வளவு அமிழுது என்று பார்த்துக் காசு கொடு.

எல்லாத்தையும் கேட்டுவிட்டு, "சரிண்ணே, கயிறு இழுக்க, தண்ணி இறைக்க யாரு?" என்றான்.

நல்ல கேள்வி. சலங்கில் அதற்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், கால்வாயில் கரையோரம் நடந்தவர் இருந்தார். உன் படகில் அது நீதான்டா என்றேன். விருந்தாளி சாய்ந்து உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் நீ நின்றுகொண்டிருக்கணும், அதற்கும் இடம் விட்டிருக்கிற படகாகப் பார்த்து வாங்கு.