ஐயனார் சுடுமண் குதிரைகள் (புதுக்கோட்டை மாவட்டம்)

ஐயனார் சுடுமண் குதிரைகள் என்பவை தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஊர்க்காவல் தெய்வமான ஐயனாருக்கு நேர்த்திக்கடனாகச் செய்து வைக்கப்படும் களிமண் சிற்பங்கள் ஆகும். இவை பெரும்பாலும் கோயில் காடு எனப்படும் தோப்புகளில் நிறுத்தப்படுகின்றன. இதனால் இக்கலையும் அவ்வூர்த் தாவரங்களின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலும் இவ்வழக்கம் உண்டு.

செய்முறை

குதிரைகளைச் செய்வோர் வேளார் எனப்படும் குயவர் ஆவர். பல ஊர்களில் இவர்களே ஐயனார் கோயில் பூசாரிகளாகவும் உள்ளனர். ஊரார் ஒரு பிடி மண் கொடுத்து வேலையைத் தொடங்கி வைப்பது பிடிமண் கொடுத்தல் எனப்படுகிறது. குளம், கண்மாய்களில் எடுத்த களிமண்ணுடன் மணலும் உமியும் கலக்கப்படுகின்றன. இக்கலவை தடித்த உருவம் சூளையில் வெடிக்காமல் வேக உதவுகிறது. உள்ளீடற்ற கால்கள் முதலில் செய்யப்பட்டு, அவை சற்று இறுகிய பின் உடலும் கழுத்தும் தலையும் வளர்க்கப்படுகின்றன. சுட்ட குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டு செல்லும் விழா புரவி எடுப்பு ஆகும்.

கோயில் காடு

தெய்வத்திற்கு உரியது என்பதால் கோயில் காட்டின் மரங்களை வெட்டுவதில்லை. வீரை, உலக்கைப்பாலை, காசான் முதலிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் இத்தகைய இடங்களில் எஞ்சியுள்ளன. சோழமண்டலக் கடற்கரைச் சமவெளியின் பிற பகுதிகளில் இவ்வகைக் காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. நாட்டு மருத்துவத்தில் பயன்படும் மூலிகைகளும் இக்காடுகளில் வளர்கின்றன.

பழைய குதிரைகளைப் பொதுவாகச் செப்பனிடுவதில்லை. புதியவை அருகே வைக்கப்பட, பழையவை உடைந்து மண்ணோடு கலக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் ஐயனார் குதிரைகள் உள்ளன. அங்கு அவை காட்சிக்காகப் பேணப்படுகின்றன. கோயில் காட்டிலோ அவற்றின் சிதைவும் வழிபாட்டு மரபில் அடங்கும்.

மாற்றங்கள்

ஆலங்குடி வட்டம் குளமங்கலம் ஐயனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமுள்ள குதிரைச் சிலை உள்ளது. இது சூளையில் சுடப்பட்டதன்று, கட்டி எழுப்பப்பட்டது. மாசி மகத்தன்று பக்தர்கள் இதற்குக் காகித மாலைகள் சாத்துகின்றனர். வேறு பல கோயில்களில் சுடுமண்ணுக்குப் பதிலாக சிமெண்ட் சிலைகள் இடம்பெற்று வருகின்றன. சிமெண்ட் குதிரை நெடுங்காலம் நிற்பதால் மீண்டும் குதிரை செய்யும் தேவை குறைகிறது. அதனுடன் வேளாரின் தொழிலும் சுருங்குகிறது.

மாவட்டத்தில் தைலமரத் தோட்டங்கள் பரந்த நிலப்பரப்பில் வளர்க்கப்பட்டன. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில் காடு 2025இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கோயில் காடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்க இயலும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும். எனினும் மண் குதிரை செய்யும் அறிவு, புரவி எடுப்பு தொடர்ந்து நடைபெறுவதைப் பொறுத்தே நிலைக்கும்.