உளச் சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுத்தல்

மனநலச் சிக்கல் உள்ளவர் தமக்குப் பொருத்தமான பயிற்சியும் சட்டப்படியான தகுதியும் கொண்ட சிகிச்சையாளரைக் கண்டடைவதே உளச் சிகிச்சையாளர் தேர்வு. இந்தியாவில் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டியிருப்போரின் பயிற்சி ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. அதைச் சரிபார்க்கும் வேலை, அதற்குத் தெம்பில்லாத நேரத்தில் நோயாளியின் தலையில் விழுகிறது. வீட்டார் முதலில் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பவர். 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அவர் அந்தக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தால் அது மருத்துவப் பட்டமா, முனைவர் பட்டமா என்று கேட்கலாம், பதிவெண்ணையும் கேட்கலாம். நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் கட்டுக்கடங்காத உற்சாகத்தில் இருப்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் முதலில் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு போலவே தோன்றலாம் என்பதால் உடல் பரிசோதனையும் தேவைப்படும். மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சுவழிச் சிகிச்சையே பலருக்குப் போதும்.

நோய்க்கேற்ற முறை தெரிந்தவரா என்பது அடுத்த கேள்வி. எண்ணச் சுழற்சி நோயில், "கையில் அழுக்கு இருக்குமோ" என்று ஓயாமல் கழுவுபவரிடம் "ஒன்றுமில்லை, பயப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அந்தச் சுழலுக்கே தீனி போடுகிறது. அழுக்கென்று அஞ்சுவதைத் தொட்டுவிட்டு, கழுவாமல் அந்தப் பதற்றத்தைக் கடக்கப் படிப்படியாகப் பழகுவதே பயன் தருகிறது. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் முன்வைத்த அணுகுமுறை இது. இதில் பயிற்சி உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிகிச்சை உறவு என்றார் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் (1979). சில அமர்வுகளுக்குப் பிறகும் மனம் விட்டுப் பேச முடியவில்லை என்றால் அதைச் சிகிச்சையாளரிடமே சொல்லலாம். "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவரை விட்டு விலகுவதே நல்லது. தன்பால் ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்பவர் சட்டத்தையும் மீறுகிறார். அத்தகைய முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது.

"பிள்ளை என்ன சொன்னான்?" என்று பெற்றோர் சிகிச்சையாளரிடம் கேட்பது இயல்பு. ஆனால், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே விலக்கு.

கட்டணம் கட்ட இயலாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும், சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தையும், மாவட்ட மனநலத் திட்டத்தையும் நாடலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேச முடியும். சிகிச்சையாளரை மாற்ற விரும்புவோர், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று, புதியவரிடம் கொண்டு செல்லலாம்.