கிழக்கே போன கல்: பாங்கொக்கில் நம்மவர் தடங்கள்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் யாராயினும் முதலில் மேற்கே திரும்பிவிடுகிறார். அறபுநாடு, யெமன், மலபார், காயல்பட்டினம், கீழக்கரை என்று அந்தப் பாதை நமக்கு மனப்பாடம். இதற்குக் காரணமும் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில் சோனகரைத் தமிழர் வழிவந்தோர் என்று நிறுவ முயன்றார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டார். அந்த விவாதம் "எங்கிருந்து வந்தோம்" என்ற ஒரே கேள்வியில் நம் ஆய்வாளர்களைக் கட்டிப்போட்டுவிட்டது. வந்தவர்கள் பிறகு எங்கெங்கே போனார்கள் என்பதை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. மலாய்ச் சகோதரர்கள் வந்த வழி என்ற அளவில்தான் கிழக்குத் திசை நம் நூல்களில் தலைகாட்டும்.

கொழும்புக்கோ கிழக்கு ஒருபோதும் தூரமாக இருந்ததில்லை. கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராமய என்ற பழைய விகாரை இருக்கிறது. பாணந்துறை வாதத்தால் பேர்பெற்ற மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம் அது. உள்ளே போய்ப் பாருங்கள்: நம் நாட்டுத் தாதுகோபங்களின் வட்டவடிவம் அங்கே இல்லை. மணியைக் கவிழ்த்து ஊசியாக இழுத்த மாதிரி, அப்படியே சியாம் நாட்டுப் பாணி. அதன் பின்னால் இருப்பவர் ஓர் இளவரசர். மூன்றாம் இராமா அரசரின் பேரனான பிரிஸ்தாங், ஐரோப்பாவில் சியாமின் தூதராக இருந்தவர். 1885இல் வேறு சில இளவரசர்களோடும் அதிகாரிகளோடும் சேர்ந்து, அரசியலமைப்பு வேண்டும் என்று மன்னர் சூலாலங்கோர்னுக்கே விண்ணப்பம் எழுதினார். பிறகு அரச தயவு போயிற்று, நாட்டைவிட்டும் போனார். 1896இல் இலங்கையில் வஸ்கடுவ சுபூதி தேரரிடம் துறவு பெற்று ஜினவரவம்ச என்ற பெயரோடு கொட்டாஞ்சேனை விகாரைக்குத் தலைவரானார். ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலையும் நடத்தினார். மன்னரின் மறைவுக்குப் பின் 1911இல் ஊர் திரும்பியபோது அங்கே காவியுடையைக் களைய வேண்டி வந்தது. 1935இல் மறைந்தார். நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் சில வருடங்கள் படிப்பித்திருக்கிறேன். அங்கே வாழும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்தக் கதையைச் சொன்னால் "அப்படியா ஸேர்!" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பக்கத்துச் சிவன் கோயிலைக் கருங்கல்லில் மீளக் கட்டியவரும் மேலே சொன்ன அதே இராமநாதன்தான்.

போன டிசம்பர் விடுமுறையில் பாங்கொக் போகக் கிடைத்தது. என் மச்சானுக்கு வெள்ளவத்தையில் உடுப்புக்கடை. காலி வீதியில் "பாங்கொக் சாமான்" என்றால் பெண்கள் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள். அந்தச் சாமானுக்காக அவர் வருடத்தில் நாலைந்து தரம் பிரதூநாம் சந்தைக்குப் போய் வருவார். இந்தமுறை துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அவர் மூட்டை கட்டிய நாட்களில் நான் நகரம் சுற்றினேன்.

1782இல் முதலாம் இராமா தலைநகராக்கிய ஊர். சாவோ பிராயா ஆற்றின் இருமருங்கும் பொன்பூசிய விகாரைகள். விகாரை வாசலிலேயே அடுப்பு, அடுப்பைச் சுற்றி முக்காலி, முக்காலியில் சனம். பன்றியும் இறாலும் ஒரே சட்டியில் புரளும் தெருவில் நம்மவர் சாப்பாட்டுக்குப் பச்சை நிற ஹலால் சின்னத்தைத் தேடிக்கொண்டு நடக்க வேண்டும். தேடினால் கிடைக்கிறது, கிடைப்பதெல்லாம் பழக்கமான பெயர்கள். தள்ளுவண்டியில் தலையில் முக்காடிட்ட ஒரு பெண் மாவை வீசி விரித்து வாழைப்பழம் வைத்து மடிக்கிறாள். அதற்குப் பெயர் "ரோத்தீ". பக்கத்தில் "மத்தபா", நம்முடைய முர்தபாதான். அவர்களின் பெயர்போன "மஸ்ஸமன்" கறி "முஸல்மான்" என்ற சொல்லின் திரிபு என்று கொள்வார்கள். பின்னாளில் இரண்டாம் இராமா என்று அரசரான இளவரசர் அந்தக் கறியைப் புகழ்ந்து பாட்டே கட்டியிருக்கிறார். கறுவா, ஏலம், கராம்பு எல்லாம் போட்டும் கடைசியில் சீனி போடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை.

அயுத்தயா தலைநகராக இருந்த 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஷெய்க் அஹ்மத் என்ற பாரசீக வணிகர் அங்கே வந்து அரசவையில் உயர்ந்தார். முஸ்லிம்களின் தலைவருக்குரிய "சூலாராச்சமொந்திரி" பதவி அவரிலிருந்தே தொடங்குகிறது. இன்றைக்கும் தாய்லாந்து முஸ்லிம்களின் தலைமைப் பதவி அதுதான். ஆனாலும் தாய் மொழியில் நம்மைப் போன்ற தோற்றமுள்ளவர் எவரானாலும் "கெய்க்". விருந்தாளி என்று பொருள். சீலோம் வீதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் "வாட் கெய்க்" என்றே பெயர், விருந்தாளிகளின் கோயில். (சீலோம் என்றதும் காதில் சிலோன் என்று விழும். விசாரித்தேன், காற்றாலை என்று அர்த்தமாம்.) நூறு வருடத்துக்கு மேல் தங்கியவரையும் விருந்தாளி என்று கூப்பிடுவது மரியாதையா, இல்லை வேறெதுவுமா? இலங்கையில் இருந்து போனவனுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதே சீலோம் பகுதியில் ஒரு சந்துக்குள் மீராசுத்தீன் பள்ளி இருக்கிறது. தமிழக முஸ்லிம்கள் கூடும் பள்ளி. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் தமிழ் கேட்கும். அங்கே நம் மேற்குக் கரைத் தமிழும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பேருவளையைச் சேர்ந்த ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், கல் வியாபாரி.

"ஸேர், எங்கட ஆக்கள் இங்க வாறது நேத்து முந்தாநேத்து தொடங்கின வேலையல்ல" என்றார். தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னவற்றை நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரையின் முக்கிய பகுதியை எழுதுகிறேன்.

நம் ஊர் ஆற்றுச் சரளையில் நீலம், புஷ்பராகம் கிடைக்கும் இடத்திலேயே "கெவுடா" என்ற கல்லும் கிடைக்கும். பால் கலந்த மாதிரி மங்கல், சிலவற்றில் பட்டுநூல் போல் ஒரு மினுக்கம். ஒளி ஊடுருவாது, நகைக்கு உதவாது. அதைச் சரளையோடு சரளையாக முற்றத்தில் கொட்டிய வீடுகள் உண்டு என்று பேருவளையிலும் இரத்தினபுரியிலும் சொல்வார்கள். வேதியியல்படி அதுவும் நீலக்கல்லும் ஒரே பொருள்: அலுமினிய ஒட்சைட்டு, அதாவது குருந்தம். (ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் இந்தத் தமிழ்ச் சொல்லில் இருந்தே போனது என்பதைத் தமிழ் படித்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் சொல்லாமல் விடமாட்டேன்.) கெவுடாவில் மங்கலைத் தருவது உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்து கிடக்கும் தைத்தேனியம் கலந்த கனிமம். கல்லை 1,500 பாகை செல்சியஸுக்கும் மேலே, ஒட்சிசன் குறைந்த உலையில் சூடாக்கினால் அந்த ஊசிகள் கரைந்து தைத்தேனியம் கல்லுக்குள் பரவும். அங்கே ஏற்கனவே இருக்கும் இரும்போடு சேர்ந்ததும் நீலம் பிறக்கும். முற்றத்துக் கல் மோதிரக் கல்லாகிவிடும்.

1970களில் இதைத் தொழிலாக்கியவர்கள் தாய்லாந்துக்காரர். பர்மாவில் 1962க்குப் பின் வந்த இராணுவ அரசு வணிகத்தைத் தேசியமயமாக்கியதால் கல் வியாபாரம் எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு நகர்ந்தது. அந்நாட்டின் சந்தபுரிப் பக்கத்துச் சுரங்கங்களும் அப்போது செழிப்பாக இருந்தன. சந்தபுரியில் ஒரு தீவிபத்தில் வெந்த கற்கள் நிறம் மாறியதைக் கண்டே சூடேற்றும் வித்தையைப் பிடித்தார்கள் என்று அங்கே கதையாகச் சொல்கிறார்கள். இலங்கையிலோ அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் உருவாகி, ஏற்றுமதியாளருக்குச் சலுகைகள் வந்து, தொழில் தலைநிமிர்ந்த வேளை. தாய்லாந்து வியாபாரிகள் இரத்தினபுரிக்கு வந்து இறங்கினார்கள். நல்ல நீலத்தை விட்டுவிட்டுக் கெவுடாவைக் கேட்டார்கள்.

"எங்கட வாப்பாமார் சிரிச்சாங்க ஸேர். பைத்தியக்காரன் குப்பைக்குச் சல்லி தாறான் என்டு. ரெண்டு மூணு வருஷம் சிரிச்சிக்கிட்டே வித்தாங்க."

இந்தச் சிரிப்பு எனக்குக் கசந்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. கல்லைச் சூடாக்கும் அறிவு நமக்குப் புதியதல்ல. 13ஆம் நூற்றாண்டில் அறபியில் கற்களைப் பற்றி நூல் எழுதிய அத்தீஃபாஷி, இலங்கையில் மாணிக்கத்தை நெருப்பிலிட்டு நிறம் தெளிவாக்கும் முறையை விவரிக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரான பார்போசாவும் இங்குள்ளவர்கள் அவ்வாறு செய்வதைக் குறிப்பிடுகிறார். ஊதுகுழலும் சிரட்டைக் கரியும் கொண்டு சிவப்பில் ஓடும் நீலச்சாயலைப் போக்கும் வேலை நம் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆனால் ஊதுகுழலின் சூடு 1,000 பாகையளவில் நின்றுவிடும். கெவுடாவுக்கு அது போதாது. பட்டறைக்காரருக்குத் தெரிந்த வித்தை எழுத்தில் ஏறவும் இல்லை. இரசாயனம் படித்த பிள்ளை பட்டறைக்கு வரவும் இல்லை. கடைக்கு ஒரு மகன், படிப்புக்கு ஒரு மகன் என்று நாம் பிரித்துவைத்த வீட்டுவழக்கத்துக்கு இதில் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். பெரியவர் இதை ஏற்கவில்லை. சல்லி இல்லாததுதான் காரணம் என்றார்.

விஷயம் வெளியானதும் கெவுடாவின் விலை ஏறியது. நம்மவர் பாங்கொக்குக்கும் சந்தபுரிக்கும் கல்லைத் தாங்களே கொண்டு போனார்கள். சீலோமின் கிளை வீதிகளில் அறை எடுத்துத் தங்கினார்கள். சிலர் உலை வேலை கற்றுத் திரும்பினார்கள். பின்னர் "லக்மினி" என்ற எரிவாயு உலை இலங்கையிலேயே உருவாகி, பேருவளைச் சீனன்கோட்டைச் சந்தைக்கு வரும் கல் உள்ளூரிலேயே வேகத் தொடங்கியது. 1998இல் மடகஸ்காரின் இலக்காக்காவில் நீலக்கல் வெளிப்பட்டபோது, தாய்லாந்து வியாபாரிகளும் பேருவளை முஸ்லிம்களும் அங்கே பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்து கல் வாங்கினார்கள். உலகப் புவியியலை நம் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் படிப்பிக்கிறோம். அந்த வியாபாரிகளுக்கு அது கல்லின் நிறத்திலேயே தெரியும். இது பர்மா, இது இலக்காக்கா, இது பெல்மதுளை என்று கையில் எடுத்ததும் சொல்வார்கள்.

இவ்வளவுக்கும் நம்மிடம் உள்ள எழுத்துச் சான்று மிகக் குறைவு. கல் வியாபாரம் வாய்ச்சொல்லால் நடப்பது. துணிக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசுகிற தொழிலில் பத்திரம் எங்கே இருக்கும்? அரச ஏற்றுமதிக் கணக்கு எடையும் பெறுமதியும் சொல்லும்; யார் போனார், எங்கே தங்கினார், யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லாது. போனவர்களில் மூத்த தலைமுறை மையித்தாகிக்கொண்டு வருகிறது.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துப் பேருவளையில் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய வாப்பாவின் கணக்குக் கொப்பிகள் மூன்று இருந்தன. மூன்றும் அறபுத்தமிழ். முதலாவதில் கல்லின் எடை கரட்டில், விலை ரூபாயில். இரண்டாவதில் பாதியிலிருந்து ரூபாய் மறைந்து "பாத்" வருகிறது, தாய்லாந்துப் பணம், பே-அலிஃப்-தே என்று எழுதி. கெவுடா என்ற சொல்லை அவர் ஓரிடத்தில் காஃபிலும் ஓரிடத்தில் ஙயினிலும் தொடங்குகிறார். மூன்றாவது கொப்பியைக் கறையான் அரித்துவிட்டது. முதல் இரண்டையும் படம் பிடித்துக்கொண்டேன். அளுத்கமையிலும் தர்கா நகரிலும் இப்படிப்பட்ட கொப்பிகள் உள்ள வீடுகள் இரண்டை அவர் சொல்லியிருக்கிறார். வரும் ஏப்ரல் விடுமுறையில் போவதாக இருக்கிறேன்.