பக், ஹாரி குரோ
பக், ஹாரி குரோ (1884–1943): சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய அமெரிக்கர். அதன் முதல் முதல்வர். கூடைப்பந்து தோன்றிய ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே, பின்னர் நந்தனத்தில் அடையாற்றங்கரையில் நிலைகொண்ட கல்லூரி. தெற்காசியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது.

பக்கின் பணி பந்தயப் பயிற்சியோடு நிற்கவில்லை. விளையாட்டைக் கற்பிக்க ஆசிரியர்களை உருவாக்குவதே அவருடைய முதன்மை நோக்கம். பள்ளிகளில் 'டிரில் மாஸ்டர்' நடத்திய படைப்பயிற்சிக்கு மாறாக, ஆட்டங்களை மையமாகக் கொண்ட உடற்கல்வியை அவர் பரப்பினார். அவர் தொகுத்த விளையாட்டு விதிநூல் பல பதிப்புகள் கண்டு, உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாயிற்று.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகச் சென்றார். பொதுநினைவில் மிஞ்சியது பெரும்பாலும் இதுவே. ஆனால் ஊர்தோறும் பள்ளி மைதானங்களுக்குச் சென்ற அவருடைய மாணவர்களின் தாக்கம் இதனினும் பெரிது. 1940இல் கல்லூரியில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். 1943இல் இறக்கும்வரை பக் அதன் முதல்வராக இருந்தார்.